மலைவாழையும் கொலை வழக்கும்: நன்னடத்தை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழனி மலைத்தொடரிலும் அடிவாரத்திலும் பணியாற்றும் நன்னடத்தை அலுவலர்கள், சிறை மருத்துவ அலுவலர்கள், இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

அடிதடி, வெட்டுக்குத்து, கொலை முயற்சி வழக்குகளில் சிக்கியவர்களைப் பற்றிய அறிக்கையோடு ரத்தப் பரிசோதனை முடிவையும் ஆளுமைத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துவிடலாம் என்றொரு யோசனை உங்கள் வட்டாரத்தில் பேசப்படுகிறது. படிவத்தில் 'உயிர்வேதிக் குறியீடு' என்று ஒரு கட்டம், 'ஆளுமை வகை' என்று இன்னொரு கட்டம். இரண்டையும் நிரப்பிவிட்டால் ஜாமீனா, நன்னடத்தைப் பிணையா, உள்ளேயே இருக்கட்டுமா என்று முடிவெடுப்பது எளிதாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. இந்தச் சோதனைகளை ஆய்வகத்திலும் மனநலப் பிரிவிலும் செய்பவர்கள் நாங்கள். அந்த இரண்டு கட்டங்களையும் அடித்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். ரத்தமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எடுங்கள். ஆனால் முடிவு கைதியின் மருத்துவக் கோப்புக்குப் போகட்டும், நீதிமன்றக் கோப்புக்குப் போகவேண்டாம்.

இந்த ஆசை வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. 1983-ல் பின்லாந்தில் லின்னோய்லா, விர்க்குனென் குழுவினர் வன்முறைக் குற்றவாளிகள் 36 பேரின் மூளைத் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். ஆத்திரத்தில் சட்டென்று தாக்கியவர்களுக்கு அதில் 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற பொருள், திட்டமிட்டுத் தாக்கியவர்களைவிடக் குறைவாக இருந்தது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சிதைந்தபின் மிஞ்சுவது இது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒப்பிட்டது குற்றவாளியையும் சாதாரண மனிதரையும் அல்ல, இரண்டு வகைக் குற்றவாளிகளை. சோதித்ததும் கையில் எடுத்த ரத்தத்தை அல்ல, முதுகெலும்பில் ஊசி செலுத்தி எடுத்த நீரை. ஜாமீன் மனுவுக்காக ஒருவர் முதுகில் ஊசி குத்த எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார், ஒப்பவும் கூடாது.

அப்படியானால் சிறுநீரில் பார்க்கலாமே என்பார்கள். அந்தச் சோதனை உண்டு, குடலிலும் நுரையீரலிலும் வரும் ஒருவகைக் கட்டியைக் கண்டுபிடிப்பதற்காக. உடலிலுள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. சிறுநீர் சொல்வது குடலின் கதையை, மூளையின் கதையை அல்ல. இங்கேதான் நம் மலை குறுக்கே வருகிறது. இந்தச் சோதனைக்கு முன் மூன்று நாளாவது வாழைப்பழம், தக்காளி, அன்னாசி, பிளம்ஸ், வால்நட், பட்டர் ஃப்ரூட் எதையும் தொடக்கூடாது. தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் இருக்கிற ஒருவரிடம் இந்தப் பட்டியலை நீட்டிப் பாருங்கள். விருப்பாட்சி வாழைத்தார் திண்ணையில் தொங்கும், பட்டர் ஃப்ரூட் வாசலில் விழுந்து கிடக்கும், வெறும் கையோடு போகவேண்டாமென்று சிறைக்குப் பார்க்க வருகிற அம்மா பஞ்சாமிர்த டப்பாவோடு வருவார். காலையில் இரண்டு மலைவாழைப்பழம் தின்றவருக்கு அன்றைய சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. கூடுதலாகவே வரும். 'செரட்டோனின் நன்றாக இருக்கிறது, சாந்தமானவர்' என்று எழுதுவீர்களா? காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டிருந்தால் சில முறைகளில் அதுவும் அளவைக் கெடுக்கும். இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரை அமிலம் இட்ட கேனில் ஒரு சொட்டு விடாமல் சேகரித்து, வெளிச்சம் படாமல் வைக்கவேண்டும். பூட்டிய அறையில் பொதுக் கழிப்பறை வைத்திருக்கும் கிளைச் சிறையில் அது நடக்காது.

அடுத்தது கார்ட்டிசால். கொடூரமாக நடந்துகொள்பவர்களுக்கு அழுத்த ஹார்மோன் குறைவு என்று ஒரு கருத்து உண்டு. 2000-ல் மெக்பர்னெட் குழு சிறுவர்களின் உமிழ்நீரில் பார்த்துச் சொன்னது அது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கார்ட்டிசாலுக்குப் பொருந்தாது. தூங்கி எழுந்து முப்பது, நாற்பது நிமிடத்தில் அது உச்சத்துக்கு ஏறும், பிற்பகலுக்குள் ஏறத்தாழ பாதியாகும், நள்ளிரவில் தரைமட்டத்துக்கு வரும். காலை எட்டு மணி ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இயல்பு என்று பெரும்பாலான ஆய்வகங்கள் அச்சிடுகின்றன. ஐந்து மடங்கு அகலமான இயல்பு! இதில் கைவிலங்கோடு விடியற்காலை வேனில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுக்க வைத்து வத்தலக்குண்டு வழியாக இறக்கி, பசியோடு பத்தரை மணிக்கு ஊசி குத்தினால் கிடைக்கும் எண் அந்தப் பயணத்தைத்தான் அளக்கும். நடுவில் ஒரு டம்ளர் காபி கொடுத்திருந்தால் காபியையும் சேர்த்து. ஆஸ்துமாவுக்கு பிரெட்னிசோலோன் விழுங்கியவருக்குப் பல கருவிகள் அந்த மருந்தையே கார்ட்டிசால் என்று எண்ணிவிடும்.

தலைமுடியில் பார்த்தால் மாதக்கணக்கிலான சராசரி கிடைக்குமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், பின் உச்சியில் தோலையொட்டி மூன்று சென்டிமீட்டர் வெட்டினால் மூன்று மாதக் கணக்கு. ஆனால் பழனிக்கு மொட்டை போட்டு வந்தவரிடம் எதை வெட்டுவீர்கள்?

டெஸ்டோஸ்டிரோன் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்கச் சிறைகளில் டாப்ஸ் குழுவினர் 1995-ல் 692 கைதிகளிடம் பார்த்தபோது வன்முறைக் குற்றம் செய்தவர்களின் சராசரி கூடுதலாக இருந்தது உண்மை. பல ஆய்வுகளையும் ஒன்று சேர்த்து ஆர்ச்சர் 2005-ல் கணக்கிட்டபோது ஆக்ரோஷத்துக்கும் அந்த ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பெண் 0.08 என்று வந்தது. அதை வர்க்கமாக்கினால் 0.0064. மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் நூறில் ஒரு பங்கைக்கூட அது விளக்கவில்லை. சராசரியில் தெரியும் வித்தியாசம் தனி ஆளின் தலையெழுத்து ஆகாது. புள்ளியியல் பாடத்தின் முதல் பக்கம் இது, ஆனால் படிவம் தயாரிக்கும்போதுதான் முதலில் மறந்துபோகிறது.

மரபணுவில்தான் எங்களுக்குப் பயம் அதிகம். செரட்டோனின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் மாவோ-ஏ (MAOA) என்ற மரபணுவை 'போர்வீர மரபணு' என்று பத்திரிகைகள் பெயர் வைத்துவிட்டன. 1993-ல் ஹான் புருன்னர் ஒரு டச்சுக் குடும்பத்தில் இது முற்றிலும் செயலிழந்த ஆண்களைக் கண்டார். அது மிக மிக அரிது. நாம் பேசுவது அதையல்ல, மந்தமாக வேலை செய்யும் சாதாரண வடிவத்தை. ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. 2002-ல் காஸ்பி குழு நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்தது முதல் பின்தொடரப்பட்ட 442 ஆண்களைப் பார்த்தது. அந்த வடிவம் இருந்து, சிறுவயதில் கொடுமையும் அனுபவித்தவர்கள் பிற்காலத்தில் வன்முறையில் கூடுதலாக ஈடுபட்டார்கள். மரபணு மட்டும் இருந்து, நல்லபடி வளர்க்கப்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அதாவது ஆய்வு சுட்டியது பிள்ளையை அடித்து வளர்த்த வீட்டை. இருந்தும் இத்தாலியில் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் இந்த மரபணுவைக் காரணம் காட்டி ஒரு கொலைக் கைதிக்கு ஓராண்டு தண்டனையைக் குறைத்தது. இன்று குறைக்கப் பயன்படுவது நாளை கூட்டவும் பயன்படும். 'பிறவியிலேயே இப்படி, வெளியே விட்டால் ஆபத்து' என்று அதே தாளை வைத்து அரசுத் தரப்பு வாதாட எவ்வளவு நேரமாகும்?

இதற்கு முன்னும் நடந்ததுதான். 1965-ல் ஸ்காட்லாந்தில் குற்றம் செய்த மனநோயாளிகளை அடைத்துவைக்கும் கார்ஸ்டேர்ஸ் மருத்துவமனையில் கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் உள்ள ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருப்பதாகத் தெரிந்ததும் 'குற்றக் குரோமோசோம்' என்று உலகமே பேசியது. 1976-ல் டென்மார்க்கில் விட்கின் குழு உயரமான ஆண்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்து அப்படிப்பட்ட 12 பேரைக் கண்டது. அவர்கள் தண்டனை பெற்றிருந்தவை பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள், வன்முறை அல்ல. பதினோரு ஆண்டு அந்த முத்திரை பலர் நெற்றியில் இருந்தது. நமக்கு ஸ்காட்லாந்து வரை போகவும் தேவையில்லை. மலையிலிருந்து இறங்கினால் ரேகைச் சட்டத்தின், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தின், ஊர்கள். பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று கைரேகை பதிந்த சட்டத்தை எதிர்த்து 1920-ல் பெருங்காமநல்லூரில் மக்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் போனது. மைக்குப் பதில் ரத்தம் வைத்து அதே ரேகையை மறுபடி உருட்டவேண்டாம்.

இனி இரண்டாவது கட்டம், 'ஆளுமை வகை'. ஈவிரக்கமற்ற ஆளுமையை (சைக்கோபதி) அளக்க உளவியலாளர் ஹேர் உருவாக்கிய பி.சி.எல்.-ஆர். அளவுகோலைத்தான் பலரும் மனதில் வைத்திருக்கிறீர்கள். 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30, ஐரோப்பாவில் பல இடங்களில் 25 என்று எல்லை வைக்கிறார்கள். ஒரே ஆள் கடல் கடந்தால் நோய் மாறுகிறது என்று பொருள். அதைப் போடப் பயிற்சி பெற்றவர் வேண்டும், நீண்ட நேர்காணல் வேண்டும், பள்ளி, வேலை, குடும்பம், பழைய வழக்கு என்று கோப்புகளும் வேண்டும். அரை மணி நேரத்தில் காவலர் பக்கத்தில் நிற்க, ரிமாண்டில் வந்த மூன்றாம் நாள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் 'உணர்ச்சி மேலோட்டமானது' என்று 2 போடுவது மதிப்பீடு ஆகாது. பயந்தவரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

அவரே பதில் எழுதும் கேள்வித்தாள்களில் வேறு சிக்கல், அதுவும் தமிழில். 'எனக்கு எப்போதும் கோபம் வராது' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வையுங்கள். 'ஒருபோதும் கோபம் வராது' என்றும் படிக்கலாம், 'எந்நேரமும் கோபமாக இருக்கமாட்டேன், சில நேரம் வரும்' என்றும் படிக்கலாம். சரி, தவறு என்று டிக் அடிக்கச் சொன்னால் இரண்டு நேர்மையான மனிதர்கள் எதிரெதிராக அடிப்பார்கள். 'கோபம் வராதா?' போன்ற எதிர்மறைக் கேள்விக்கு நம் ஆட்கள் 'ஆமாங்க, வராது' என்று சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் படித்துக் காட்டுபவர் அந்த 'ஆமாங்க'வை மட்டும் எடுத்து 'ஆம், வரும்' என்ற கட்டத்தில் குறித்தால் கணக்கு தலைகீழ். அதிகாரி கேட்டால் எல்லாவற்றுக்கும் 'சரிங்க' என்பது தோட்டக் கூலிகளிடமும் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலும் தலைமுறையாகப் பழகிப்போன தற்காப்பு. 'நாளைக்கு என்ன செய்வதென்று முன்கூட்டியே திட்டமிடுவேன்' என்ற கேள்வி மாதச் சம்பளக்காரருக்கு அவசரப்படாமல் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனை அளக்கலாம். காலையில் மேஸ்திரி ஜீப் வந்தால்தான் வேலை உண்டா இல்லையா என்று தெரிகிறவருக்கு அது அவருடைய கூலியை அளக்கிறது. தமிழாக்கி, திரும்ப மொழிபெயர்த்து, இங்குள்ள மக்களிடம் சோதித்து, இங்குள்ள சராசரியை நிறுவாத வரை அந்த மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை.

எல்லாம் சரியாக நடந்தாலும் எண்கணிதம் விடாது. ஒரு சோதனை நூறு ஆபத்தானவர்களில் 80 பேரைப் பிடிக்கும், நூறு அபாயமற்றவர்களில் 80 பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு நல்ல ரத்தச் சோதனை உலகில் எங்கும் இல்லை, பேச்சுக்குத்தான். ஆயிரம் பேரில் 50 பேர் மறுபடி வன்முறை செய்யப் போகிறவர்கள் என்றால் 40 பேரை அது பிடிக்கும். மீதி 950 பேரில் 190 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். சிவப்பு முத்திரை விழுந்த 230 பேரில் 190 பேர் எதுவும் செய்யப் போவதில்லை. முறையாக வடிவமைத்த மதிப்பீட்டுக் கருவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் சீனா ஃபாசெல் (Seena Fazel) என்ற ஆய்வாளரின் குழு 24,827 பேரின் தரவைத் தொகுத்தது. அபாயம் என்று கணிக்கப்பட்டவர்களில் 41 சதவீதம் பேர்தான் பின்னர் வன்முறை செய்தார்கள். அபாயம் குறைவு என்று கணிக்கப்பட்டவர்களில் 91 சதவீதம் பேர் செய்யவில்லை. யாரை விடலாம் என்று சொல்ல அவை ஓரளவு உதவும், யாரை அடைக்கவேண்டும் என்று சொல்ல உதவாது.

சட்டத்தைப் பொறுத்தவரை வழக்கறிஞர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. நடந்துவிட்ட குற்றத்துக்குச் சான்று தேடி ரத்தம் எடுப்பது வேறு, நடக்காத குற்றத்தைக் கணிக்க எடுப்பது வேறு என்பதை மட்டும் பிரித்துப் பாருங்கள். உண்மை கண்டறியும் ஊசியையும் பாலிகிராஃபையும் ஒருவரின் விருப்பமின்றிச் செய்யக்கூடாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னதன் உள்ளர்த்தம் இங்கும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆய்வாகச் செய்வதென்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் கைதிகளைப் பாதுகாப்புத் தேவைப்படும் பிரிவில் வைத்திருக்கின்றன. நெறிக்குழு ஒப்புதல், வார்டன் இல்லாத அறையில் தாய்மொழியில் விளக்கம், மறுத்தால் ஜாமீனில் ஒரு மாற்றமும் வராது என்ற எழுத்துப்பூர்வ உறுதி, மாதிரியின் மேல் பெயருக்குப் பதில் குறியெண். இவை இல்லாமல் ஒரு டியூப் கூட நகரக்கூடாது.

ரத்தம் எதற்குத்தான் பயன்படும் என்றால், அந்த ஆளைக் காப்பாற்ற.

முதலில் குடி. கடைசியாக டாஸ்மாக் சரக்கு உள்ளே போன நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது, கைதான நேரத்திலிருந்து அல்ல. ஆறு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் பிதற்றல்: சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவார், இல்லாத ஆளோடு சண்டை போடுவார், பக்கத்தில் படுத்திருப்பவரின் கழுத்தைப் பிடிப்பார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தி ரிமாண்ட் ஆகிவிடுவதால் இந்தக் கண்டம் சரியாகச் சிறையின் இரண்டாம், மூன்றாம் இரவில் விழுகிறது. வார்டன் பதிவேட்டில் அது 'மூர்க்கமானவர், அடங்காதவர்' என்று ஏறுகிறது, பிறகு அதுவே ஆளுமை வகை ஆகிறது. இது குணமல்ல, மருத்துவ அவசரம், விட்டால் உயிர் போகும். உள்ளே வரும்போதே 'கடைசியாக எப்போது குடித்தீர்கள், எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா' என்று மூன்று கேள்வி கேட்டு எழுதுங்கள். குடி நின்றதால் வரும் அறிகுறிகளை அளக்கும் சி.ஐ.டபிள்யூ.ஏ. அட்டையின் பத்து கூறுகளைச் செவிலியர் சில மணிக்கு ஒருமுறை பார்க்கட்டும். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்போ கூடவோ தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடவேண்டும், இல்லாவிட்டால் நிரந்தர மறதியில் கொண்டுபோய் விடும். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கக் கொடுப்பது டயஸிபம் மருந்தா, லோராஸிபம் மருந்தா என்பதைக் கல்லீரல் நிலையைப் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார். அடக்குவதற்காக ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை மட்டும் குத்துவது வலிப்பைக் கிளப்பக்கூடும்.

அடுத்தது சர்க்கரை. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் கைதான கலவரத்தில் சாப்பிடாமல் இருந்தால் அளவு 70-க்குக் கீழே விழும். உளறுவார், வியர்ப்பார், தொட்டால் அடிப்பார். விரலில் ஒரு குத்து, சில விநாடியில் விடை. கொடைக்கானல் குளிரில் ஒரு கூடுதல் தொல்லை: பல குளுக்கோமீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழ் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். மார்கழி இரவில் கருவியையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் இரும்பு பீரோவில் வைக்காமல், காவலர் தன் சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிப் பிறகு பாருங்கள். ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் எடுங்கள். சிவப்பு மூடியில் எடுத்தால் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். மூன்று மணி நேரம் மலை இறங்கி வந்து சேர்ந்த டியூப், இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். மற்ற சோதனைகளுக்கு ரத்தம் உறைந்ததும் மலையிலேயே இயந்திரத்தில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்துவிட்டு அனுப்பவேண்டும். பிரிக்காமல் பேருந்தில் குலுங்கி வந்தது சிவந்துபோய் வரும், பாதிக்கு மேல் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கேரட், பீன்ஸ், உருளைத் தோட்டத்தில் மருந்தடிப்பவரா என்று கேளுங்கள். பாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலில் ஏறினால் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் உண்டு. அந்த மருந்து முடக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அளக்கும் சோதனை உதவும், ஆனால் கல்லீரல் கெட்ட குடிகாரருக்கு சீரம் அளவு மருந்தடிக்காமலே குறைந்திருக்கும். சிவப்பணு அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வலிப்புக்கு லெவெடிராசெட்டாம் தொடங்கிய சில வாரத்தில் வீட்டில் எல்லோரிடமும் சீறுகிறார் என்றால் மாத்திரையைச் சந்தேகியுங்கள், மனிதரை அல்ல. ஆனால் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது, நிறுத்தினால் வலிப்பு வரும்.

பாதரசம் பற்றியும் கேட்கிறீர்கள். 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் பாதரச வெப்பமானித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதற்காக இன்று சிறுநீரில் பாதரசம் பார்த்துப் பயனில்லை. ஆவியாக உள்ளே போன பாதரசம் சிறுநீரில் காட்டுவது கடந்த சில மாதங்களை மட்டுமே. அது உண்டாக்கும் மனமாற்றமும் கூச்சம், எரிச்சல், நடுக்கம், மறதி என்று போகுமே தவிர, கொலைவெறி அதன் வழக்கமான அடையாளம் அல்ல.

உயிர்வேதியியல் மேல் உண்மையாகவே நம்பிக்கை இருந்தால் சமையற்கட்டுக்கு வாருங்கள். 2002-ல் பெர்னார்ட் கெஷ் இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி இளையோர் சிறையில் 231 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வைட்டமின், தாது, கொழுப்பமில மாத்திரையும் மறுபகுதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார். மெய்யான மாத்திரை தின்றவர்கள் சிறை விதிகளை மீறியது 26 சதவீதம் குறைவு. யாருடைய ரத்தத்தையும் கோர்ட்டில் படிக்காமல் கிடைத்த பலன் அது.

ஆகவே படிவத்தில் அந்த இரண்டு கட்டங்கள் இருந்த இடத்தில் இவற்றை அச்சிடுங்கள்: கடைசியாகக் குடித்த தேதி, மணி, சர்க்கரை அளவு, பார்த்த மணி, எடுக்கும் மாத்திரைகள், தலையில் அடிபட்டு மயங்கியதுண்டா, தற்கொலை எண்ணம் உண்டா. இந்தப் பக்கம் சிறை மருத்துவரிடம் மட்டும் இருக்கட்டும், நகல் எடுக்கவேண்டாம். தயமின் ஊசி கிளைச் சிறையில் இருப்பு இருக்கிறதா என்பதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழனி மலைப்பகுதியில் ஆய்வகத்திலும் மனநலப் பிரிவிலும் பணிசெய்வோர்